மொட்டை நோட்டீஸ் கையில் கிடைத்தால்

தேர்தலில் எதிரே நிற்பவரின் கட்சியைத் திட்டலாம், ஆட்சியைத் திட்டலாம், போடாமல் விட்ட ரோட்டைச் சொல்லித் திட்டலாம். அவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பொது வாழ்வோடு தொடர்பில்லாத சொந்த விஷயத்தைப் பேசுவதையும், ஒருவர் வீட்டு முன்னால் போய் ஆர்ப்பாட்டம் செய்வதையும் தேர்தல் நடத்தை விதிகளே தடுக்கின்றன.

எதிரியையும் மதிக்கும் இந்தக் கண்ணியம் நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் நின்றபோது ஆட்சியில் இருந்தது, அவரை எதிர்த்த தி.மு.க. 1975-இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு தகனம் செய்ய முன்னின்றவர் அன்றைய தி.மு.க. முதல்வர் கருணாநிதி. கன்னியாகுமரிக் கடற்கரையில் இருக்கும் காமராஜர் மணிமண்டபம் 2000-இல் தி.மு.க. ஆட்சியில்தான் திறக்கப்பட்டது. அந்த அளவுக்காவது இன்று இருக்க வேண்டாமா?

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ விடியற்காலையில் கடைத் திண்ணையில் அவதூறு நோட்டீஸ் கிடந்தால், முதலில் அதன் அடியைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர், தன்னைத் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றை நோட்டீஸோடு சேர்த்து அச்சகத்தார் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு இது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே எழுதியிருப்பது பொய் என்று நிரூபிக்கவே வேண்டாம், பெயரில்லாததே குற்றம். பலர் இதை விட்டுவிட்டு உள்ளடக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

மேடையில் பேசிய அவதூறை நிரூபிப்பது கடினம். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிய பொய்த் தகவலைத் தடுப்பது அதே சட்டத்தின் 123(4) பிரிவு. அதில் "லாயக்கில்லாத ஆள்" என்பது அபிப்பிராயம், நிற்காது. "இன்ன தேதியில் இன்னாரிடம் பணம் வாங்கினார்" என்பது தகவல். அது பொய், பேசினவரே அதை நம்பவில்லை, வேட்பாளரோ அவரது முகவரோ பேசினார் அல்லது அவர்கள் சம்மதத்தோடு பேசப்பட்டது என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்தச் சம்மதத்தில்தான் வழக்கு விழும்.

முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, 2,000 ரூபாய் வைப்புத்தொகை, படிவம் 25-இல் பிரமாணப் பத்திரம். ஒரு நாள் தாமதித்தாலும் மன்னிப்பு இல்லை. ஜெயித்தவரின் வெற்றியை எதிர்க்கத்தான் இந்த வழி. தோற்றவர் ஏசியிருந்தால் அவதூறு வழக்குப் போடலாம்.

பேச்சை முழுதாகப் பதிவு செய்யுங்கள். வெட்டிய துண்டு எடுபடாது. விதிமீறலைப் புகார் செய்ய தேர்தல் ஆணையம் தரும் சி-விஜில் செயலி அந்த இடத்தில் அப்போதே எடுத்த படத்தைத்தான் ஏற்கும், வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்றவே முடியாது.