அது ஆவுமா?

"புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க, எழுதிடலாம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "புதுசுன்னா... தை மாசம் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகீறேன் சார். அது ஆவுமா?" என்றார்.

அவர் என்னைத் தேடிப் பேப்பர் ஆபீசுக்கு வந்தது 2024 ஐப்பசியில். அந்த "அது ஆவுமா?" கிண்டலா, வெள்ளந்தியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் சிரித்தேன். அவர் சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை. சிரித்திருந்தால் கிண்டல் என்று வைத்துக்கொண்டு எப்போதோ மறந்திருப்பேன்.

வேலூர்ப் பேப்பரில் வாராவாரம் வெள்ளிக்கிழமை என் பத்தி. 450 வார்த்தை. புதன் சாயங்காலம் கையில் கொடுக்க வேண்டும். செவ்வாய் ராத்திரி ஆசிரியர் போன் செய்து "இன்னா சார், மேட்டர் ரெடியா?" என்பார். "ரெடி" என்பேன். பெரும்பாலும் பொய். உள்ளூர்ப் பத்திக்குப் பொருள் தேடுகிறவனுக்குக் காலண்டர்தான் முதல் சோறு. ஜூலை 10 வந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சி. 1857-க்கு 51 வருடம் முந்தியது நம்ம கோட்டை என்று ஒரு வரி போட்டால் போதும். மே மாதம் வெயில். டிசம்பர் 9 சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்த நாள். மார்ச்சில் ஜலகண்டேஸ்வரர், 1981-ல் கோட்டைக்குள் திரும்ப வந்த கதை. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அதை வைத்தே இரண்டு பத்தி தேற்றியிருக்கிறேன். கோயிலுக்குச் சாமி வந்த பிறகும் சொலவடையை யாரும் திருத்தவில்லை என்று ஒன்று. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடி, ஜனம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தபோது இன்னொன்று.

ஐப்பசியில் காலண்டர் கைவிட்டுவிடும். தீபாவளி மலருக்குப் போன எழுத்து போக, பத்திக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் அவர் வந்தார். ஆசிரியர்தான் "மேசையில பத்தி எழுதறவரு இருக்காரு, பாருங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து ஒரு லிட்டர் கலர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். கிணற்றுத் தண்ணி. வடிகஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்த நிறம். "மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது சார். தென்னையில காய் நிக்கல, குரும்பையிலியே கொட்டிப் பூடுது" என்றார். இன்னும் சொன்னார். நான் பாட்டிலைப் பார்த்தபடி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: இதை எத்தனை தடவை எழுதியாயிற்று.

நான்கு தடவை. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு, பாலாறு, கிணறு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். வேலூர் மக்கள் போட்ட வழக்கு அது. மாசுபடுத்தியவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தியா முழுக்க நம்ம ஊர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள். 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியதற்கு ஒரு போன்கூட வரவில்லை.

இதையே தராசின் இன்னொரு தட்டில் வையுங்கள். 2023-ல் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் பிரியாணி திருப்பத்தூருக்குப் போய்விட்டது, தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது என்று எழுதினேன். வாரம் முழுக்க போன். பத்தி எழுதுகிறவனும் மனுஷன்தானே. படிக்கிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அந்தப் பக்கம் கை போகத்தானே செய்யும்?

இது சமாதானம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் அதில் நியாயமே இல்லையென்றும் சொல்ல மாட்டேன். ஐந்தாவது தடவையும் அதே நிலம், அதே கிணறு என்றால் பத்தி செத்துவிடும். செத்த பத்தியில் அவர் கிணறு வந்து அவருக்கு என்ன லாபம்?

என் தங்கை வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டில் பேச்சு வரும். அதற்கும் நான் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமில்லை. முன்னால் எழுதிய நாலும் அவர் அங்கே வேலையில் இருக்கும்போது எழுதியவைதான். நாலாவதில் மட்டும் கொஞ்சம் மென்மையாக எழுதினேனோ என்று இப்போது எடுத்துப் பார்த்தால் தோன்றுகிறது.

சரி, அந்த உரையாடலுக்கே வருகிறேன். "ஐயா, இது நெறைய எழுதியாச்சு" என்றேன். "நானும் படிச்சிகீறேன் சார்" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். படித்துவிட்டு வந்தவரிடம் எழுதியாச்சு என்று சொல்வதில் என்ன அர்த்தம்? அவர் என் எழுத்தை நம்பித்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். நானோ கடைக்காரன் ஸ்டாக் இல்லை என்கிற மாதிரி, புதுசா இருந்தா சொல்லுங்க என்றேன். அவரும் தன்னிடம் இருந்ததில் புதுசு எது என்று நிஜமாகவே தேடிப் பார்த்திருக்கிறார். தேடியதில் கல்யாணம்தான் அகப்பட்டிருக்கிறது. இப்படி நினைக்கும்போது அது வெள்ளந்தி. படிச்சிகீறேன் என்றவர் அவ்வளவு வெள்ளந்தியாக இருப்பாரா என்று நினைக்கும்போது, கிண்டல்.

அந்த வாரம் சி.எம்.சி. எதிரே இருக்கிற லாட்ஜுகளின் பெங்காலி போர்டுகளைப் பற்றி எழுதினேன். நல்ல பத்திதான். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக நம்ம ஆட்கள் பெங்காலி பேசப் பழகிய கதை. பலரும் பாராட்டினார்கள்.

2025 ஜனவரி 30. அதே தோல் ஷாப்புக் கழிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புக் கொடுத்தது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு போட வேண்டும். மறுநாள் காலையே ஆசிரியர் கூப்பிட்டார். "சார், வெள்ளிக்கிழம பத்திய நிறுத்தி வெச்சிகீறேன். மத்தியானத்துக்குள்ள இது வேணும்." ஒரு மணி நேரத்தில் எழுதினேன். விஷயம் புதுசாகிவிட்டதல்லவா. முதல் வரிக்குத் தடுமாறவே இல்லை. வடிகஞ்சியில் மஞ்சள் விழுந்த நிறத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் என்று ஆரம்பித்தேன். மாடு மோந்து பார்த்துத் திரும்பியதும் குரும்பை கொட்டியதும் வந்தன. "ஒரு விவசாயி" என்று போட்டேன்.

"நேர்ல பாத்த மாதிரியே எழுதிட்டீங்க சார்" என்றார் ஆசிரியர். நேரில் பார்த்ததுதான் என்று நான் சொல்லவில்லை. அவர் அனுப்பிவிட்ட ஆள்தான் என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தேடினேன். துப்புரவுக்கு வருகிற அக்கா எப்போதோ கொட்டிவிட்டுப் பாட்டிலை எடைக்குப் போட்டிருக்கிறார்.

அப்போது தை மாதம். கல்யாணம் முடிந்திருக்கும், இல்லை அந்த வாரமே நடந்திருக்கும். பத்தி வந்த பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்து மொய் எழுதிவிட்டு வரலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. வாலாஜா தாண்டி ஏதோ ஊர் பெயர் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். குறித்து வைத்திருப்பேன் என்று, பத்திக்கான பொருளெல்லாம் எழுதி வைக்கிற நோட்டை எடுத்து அந்தத் தேதியைப் புரட்டினேன். ஊர் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. இரண்டு வரிதான் இருந்தது.

பெங்காலி போர்டு: லாட்ஜ், மருந்துக் கடை, மெஸ்.

தை கல்யாணம்: மண்டப வாடகை, கிராமத்தில் சீர்? ஆகும். பிறகு பார்க்கலாம்.