196க்கு 104, ஆனாலும் மாத்திரை தரவில்லை

பாரிசவாதம் அடித்த அன்று என் பிரஷர் 196க்கு 104. அதைக் குறைக்க வார்டில் யாரும் மாத்திரை தரவில்லை. என் மனைவிக்கு வந்ததே கோபம்! "ஊசியாவது போடுங்க டொக்டர், மனுசன் போயிருவாரு" என்று கட்டிலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்த பிறகு டொக்டர் நிதானமாகச் சொன்னார். அடைபட்ட குழாயைச் சுற்றியுள்ள பகுதி இன்னும் சாகவில்லையாம். கிடைக்கிற கொஞ்ச இரத்தத்தில் தாக்குப்பிடிக்கிறதாம். பிரஷரைச் சட்டென்று இறக்கினால் அதுவும் போய்விடும். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு 220க்கு 120ஐத் தாண்டாதவரை முதல் ஓரிரு நாள் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஊசி போடுவதென்றால் கணக்கு வேறு, 185க்கு 110க்குக் கீழே கொண்டுவந்துதான் போடுவார்கள்.

எனக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அது நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. நான் விடியக்காலை எழும்பும்போதே இடது கை தூக்க வரவில்லை, எப்போது தொடங்கியதென்று யாருக்குத் தெரியும்? "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தீங்க?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ராத்திரி படுக்கப் போன நேரத்தைத்தான் சொல்ல முடிந்தது. தோட்டத்து லொறிக்குக் காத்திருக்காமல் மகன் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தது நல்லதாயிற்று. முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நம்பர்தான்; அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரஷர் ஆடத் தொடங்கியது. மேல் எண் விடியக்காலை 158, மத்தியானம் 124, கிளினிக்கில் 172. மிஷின் பழுது என்றே நினைத்தோம். கிளினிக் மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ்தான், ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே நான் இருட்டோடு பஸ் ஏறி, மேடு ஏறி, வரிசையில் நின்று மூச்சு வாங்க உட்கார்ந்தவன். வீட்டிலோ மார்கழிக் குளிரில் போர்வையை விட்டு எழும்பியதும் அளந்தவன். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், எண் ஏறும். அதற்குப் பிறகு ஒழுங்கு இதுதான்: ஒன்றுக்குப் போய்விட்டு, சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்து, வாதம் அடிக்காத கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்து அளப்பது. தேத்தண்ணி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தோம். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயப்படுவதை அந்தக் கொப்பிதான் நிறுத்தியது. டொக்டரும் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார்.

இறங்கினதுதான் எனக்கு அதிகம் பயம் தந்தது. அம்லோடிபின், லோசார்டன் என்ற இரண்டு பிரஷர் மாத்திரைகளையும் காலையில் சேர்த்துப் போட்ட நாட்களில் எழுந்து நின்றால் கண் இருட்டும். எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, வாசலில் கல்படி, விழுந்தால் கீழ் லயத்துக் கூரையில்தான். கிளினிக்கில் உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அளந்தார்கள், நின்றதும் மேல் எண் 104. ஒரு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார்கள். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்சம் இருந்து எழும்பப் பழகினேன். இலக்கு 130க்கு 80க்குக் கீழே, ஆனால் மெதுவாக.

சாப்பாட்டில் கருவாடும் கட்டச்சம்பலும்தான் சண்டை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ரொட்டிக்குச் சம்பல் இல்லாமல் என்ன வாழ்க்கை என்று நான் இன்றும் கேட்கிறேன். மனைவி தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறைத்துவிட்டாள்.

கை மெதுவாகத்தான் வந்தது. பயிற்சி சொல்லித்தந்தவர் ரப்பர் பந்து கேட்டார். அதோடு மனைவி ஒரு தட்டில் பருப்பையும் கடலையையும் கலந்து வைப்பாள், இடது கையால் பிரிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் முன் கடலை உருண்டு ஓடும். முதல் மூன்று மாதத்தில் வந்தது நிறைய. இப்போதும் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக. சட்டையின் கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

120 வந்ததும் "சுகமாயிருச்சு, மாத்திரையை விடுங்க" என்று சொல்ல ஆட்கள் நிறைய. மாத்திரையால் வந்த 120 அது. அஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும்கூட நானாக நிறுத்துவதில்லை.

இப்போது பின்னேரமானால் லயத்து ஆட்கள் எங்கள் மிஷினுக்கு வருகிறார்கள். மலையிலிருந்து நேரே வந்து கையை நீட்டுகிற அக்காமாரை முதலில் பெஞ்சில் உட்கார வைக்கிறேன். கையில் சுற்றிய பட்டி ஊதும்போது பேசக் கூடாது என்றால் அதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம்.