தேதியைப் பாருங்கள் மக்கா

நேற்று ராத்திரி தக்கலையில் நல்ல மழை. 64 பிட் ஆர்ம் சிப் உள்ள ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஒரு பழைய மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது ஓடும் நிரலாக மாற்ற, உட்கார்ந்தேன். கம்பைலுக்கு முன்னால் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டியதும், இது என்ன இயந்திரம் என்று தெரியவில்லை எனச் சொல்லி நின்றுவிட்டது. கம்பைலரைச் சந்தேகப்பட்டே இரண்டு மணி நேரம் போனது.

அப்புறம்தான், இது எந்த இயந்திரம் என்று கண்டுபிடித்துச் சொல்லும் கான்ஃபிக்.கெஸ் (config.guess) கோப்பைத் திறந்தேன். மேலேயே தேதி இருக்கிறது, 2008! 64 பிட் ஆர்ம் கட்டமைப்பை அறிவித்ததே 2011இல்தான். பாவம், அந்தக் கோப்புக்கு ஏஆர்ச்64 (aarch64) என்ற அந்தக் கட்டமைப்பின் பெயர் எப்படித் தெரியும்? இயந்திரப் பெயர்களைச் சரிபார்க்கும், பக்கத்திலிருந்த கான்ஃபிக்.சப்பும் (config.sub) அதே வயசு.

இந்தக் கோப்புகளைத் திரும்ப உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் (autoreconf) கருவியை ஃபோர்ஸ் (--force), இன்ஸ்டால் (--install) என்ற இரண்டு ஆப்ஷனும் சேர்த்து ஓட்டினேன். ஃபோர்ஸ் கொடுக்காவிட்டால் ஏற்கெனவே இருக்கும் பழைய கோப்பை அது மாற்றாது. அந்த இரண்டு கோப்பும் புதிதாக வந்ததும் கான்ஃபிகர் தடையில்லாமல் ஓடியது.

மார்த்தாண்டத்திலிருந்து போன வாரம் இதே பிழையைக் கேட்ட தம்பி, உனக்கும் இதுதான்.