சிந்துவெளிப் பாடம்: மதிப்பெண் நழுவும் இடங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் சிந்துவெளி நாகரிகத்தை ஒரு பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: ஊர், ஆறு, அகழ்ந்தவர், கிடைத்த பொருள். பொருத்துக வினாவுக்கு அது போதும். கூற்று–காரணம் கேட்டால் போதாது. மண்ணுக்கடியில் கிடைத்தது எது, அதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் எது என்று பிரித்துப் படித்தவருக்குத்தான் அங்கே விடை தெரியும்.

முதலில் வரைபடம். வெற்றுத்தாளில் ஆறுகளை மட்டும் வரைந்து, புத்தகம் பார்க்காமல் ஊர்களை வையுங்கள். ராவிக் கரையில் ஹரப்பா, சிந்துக் கரையில் மொகஞ்சதாரோ, காகர் கரையில் காலிபங்கன், கட்ச் பாலைவனத்தின் காதிர் தீவில் தோலாவிரா, சபர்மதியின் துணை ஆற்றங்கரையில் லோத்தல். ஒவ்வோர் ஊருக்கும் தனித்து நிற்கும் ஒரே ஒரு தடயத்தை எழுதினால் போதும். காலிபங்கனுக்கு உழுத வயல், தோலாவிராவுக்கு நீர்த்தேக்கங்கள், சான்ஹுதாரோவுக்கு மணி செய்யும் பட்டறைகள். சான்ஹுதாரோவில் கோட்டைப் பகுதி கிடையாது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் வரும் குழப்பத்துக்குக் காரணம் வினைச்சொல்லைக் கவனிக்காததுதான். ஹரப்பாவை 1921-இல் அகழ்ந்தவர் தயாராம் சாஹ்னி. மொகஞ்சதாரோவை 1922-இல் ஆர்.டி. பானர்ஜி. ஜான் மார்ஷல் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். இப்படி ஒரு நாகரிகம் இருந்தது என்று 1924 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தவர். தோலாவிராவைக் கண்டறிந்தவர் ஜெ.பி. ஜோஷி, அகழ்ந்தவர் ஆர்.எஸ். பிஷ்ட். அலெக்சாண்டர் கன்னிங்காம் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹரப்பாவுக்குப் போனவர்தான், ஆனால் அதன் தொன்மை அவருக்குப் பிடிபடவில்லை.

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டால் பல வினாக்களுக்கு அது உதவும். நீளம் 11.88 மீட்டர், அகலம் 7.01 மீட்டர், ஆழம் 2.43 மீட்டர். வடக்கிலும் தெற்கிலும் இறங்கப் படிகள். சுட்ட செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சாந்து பூசி, நீர் கசியாமலிருக்க நிலக்கீல் அடுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் கிணறு, ஒரு மூலையில் கழிவுநீர் வெளியேற வடிகால். இவ்வளவும் சான்று. சமயச் சடங்குக்காக நீராடினார்கள் என்பது ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வையுங்கள். 'பூசாரி அரசன்' என்பது 17.5 செ.மீ. உயரமுள்ள மாக்கல் சிலைக்குப் பிற்காலத்தார் வைத்த பெயர். அவர் பூசாரி என்பதற்கோ அரசர் என்பதற்கோ ஆதாரம் இல்லை. மொகஞ்சதாரோவின் 'தானியக் களஞ்சியத்தில்' தானியம் கிடைக்கவில்லை. எங்கே உள்ளது என்று கேட்டால் பாடநூல் சொல்லும் ஊரையே குறியுங்கள். 'உறுதியாக நிரூபிக்கப்பட்டது' என்ற சொல் கூற்றில் இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். ஆரியர் படையெடுப்பால் நகரங்கள் அழிந்தன என்ற தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரின் கருத்தும் அப்படிப்பட்டதுதான். மொகஞ்சதாரோவின் எலும்புக்கூடுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது படுகொலைக்கான தடயம் தேறவில்லை. பருவமழை குறைந்தது, ஆறுகள் வற்றியது, மெசபடோமிய வணிகம் தளர்ந்தது ஆகியவையே இன்று அதிகம் பேசப்படும் காரணங்கள்.

எழுத்தைப் பற்றிய வினாவில் தமிழ் மாணவர்கள் ஆர்வத்தால் தவறுவதுண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பில் 417 குறியீடுகள் உள்ளன. பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான். எகிப்திய எழுத்தை 1822-இல் ஷாம்போலியன் படிக்க முடிந்ததற்கு, ஒரே செய்தியை மூன்று எழுத்து வடிவங்களில் தாங்கிய ரொசெட்டா கல் துணை நின்றது. சிந்துவெளிக்கு அப்படி ஓர் இருமொழிக் கல்வெட்டு கிடைக்கவில்லை. அதனால் 'திராவிட மொழி என அறிஞர் பலர் கருதுகின்றனர்' என்பது சரி. 'மெய்ப்பிக்கப்பட்டது' என்பது தவறு. இந்த எழுத்தின் புதிரை விடுவிப்போருக்குத் தமிழ்நாடு அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது 2025 ஜனவரியில். நடப்பு நிகழ்வுக் குறிப்பிலும் இதைச் சேருங்கள்.

கால வரிசைக்கு மற்ற நாகரிகங்களை அருகருகே வையுங்கள். சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம் சுமார் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 2600 முதல் 1900 வரை. எகிப்தில் கூஃபுவின் பெரும் பிரமிடு எழுந்தது இதன் தொடக்கத்தில். மெசபடோமியாவின் அக்காத் அரசர் சார்கோன் பொ.ஆ.மு. 24–23-ஆம் நூற்றாண்டு, மெலுஹா, மாகன், தில்முன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அவர் கல்வெட்டு சொல்கிறது. மெலுஹா சிந்துவெளி என்பதே பெரும்பாலோர் கருத்து. பாபிலோனின் ஹம்முராபி பொ.ஆ.மு. 18-ஆம் நூற்றாண்டு, அதாவது சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த பிறகு. பழைய நூல்களின் கி.மு.வும் புதிய நூல்களின் பொ.ஆ.மு.வும் ஒன்றே. இரண்டிலும் பெரிய எண்தான் முந்தையது. அவசரத்தில் தலைகீழாக வரிசைப்படுத்திவிடாதீர்கள்.

எண்களில் கடைசியாக இரண்டு. எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்லும். 16 அலகு எடை ஏறத்தாழ 13.7 கிராம். லோத்தலில் கிடைத்த தந்த அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 1.704 மி.மீ. புள்ளியை விட்டு 1704 என்று குறிப்பெடுத்திருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.