இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம்

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்காகக் கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு உடலின் 24 மணி நேரக் கடிகாரத்தைச் சரிசெய்வது அதுதான். இருட்டியதும் அதன் கட்டளைப்படி மூளையிலுள்ள பினியல் சுரப்பி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடியலை ஒட்டி, உடலை விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்கிறது. இக்கடிகாரம் மரபணு அளவில் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகியோருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதய நலம் என்றாலே கொழுப்பையும் சர்க்கரையையும் தாண்டி நாம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இக்கடிகாரத்தின் தாளத்துக்கேற்ப, உறங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவதே இயல்பு. பகலில் மேல் அளவு 130 இருப்பவருக்கு இரவில் 110ஐ ஒட்டி இறங்க வேண்டும். அப்படி இறங்காதவர்களுக்கு, பகல் அளவு சரியாகவே இருந்தாலும், மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுதல். பகலில் ஒருமுறை கையில் பட்டை கட்டிப் பார்ப்பதில் இது பிடிபடாது. 24 மணி நேரமும் அணிந்திருக்கும் கருவிதான் காட்டிக்கொடுக்கும்.

விழிக்கும் வேளையில் அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏற, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன; காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே மாரடைப்பு மிகுதியாக நிகழ இவையும் காரணம்.

இதயத் தசையணுக்களுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. தொடர் இரவுப்பணியில் ஒளியும் உணவும் நேரம் தவறி வரும்போது, அது மூளைக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் விலகுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் தன் இதய நல அளவுகோல்களில் உறக்கத்தைச் சேர்த்தது 2022இல்தான்; இவ்வளவு தாமதமாகவா என்றே எனக்குத் தோன்றுகிறது.