வாழ்க்கைக் குறிப்பு இல்லாத ஐந்து கவிஞர்கள்

பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி கவிதை ப்ராஜெக்டுக்குச் சங்கப் புலவர்களை எடுத்துக்கொண்டாள். கபிலர், பரணர், ஔவையார் என்று வழக்கமாக எடுக்கும் பெயர்கள் எதுவும் அவள் பட்டியலில் இல்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார். இந்த ஐவருக்கும் வீட்டில் வைத்த பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. அவரவர் பாட்டில் வரும் ஒரு தொடரே அவர்களுக்குப் பெயராக நின்றுவிட்டது.

"மிஸ், ஃபார்ம்ல கவிஞர் வாழ்க்கைக் குறிப்புன்னு ஒரு பக்கம் கேட்டிருக்காங்க. இவங்களுக்கு நான் என்ன எழுதறது?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகவே இந்த ப்ராஜெக்ட் நன்றாக வரும் என்று அப்போதே தோன்றியது.

முதலில் நான் செய்தது தவறு. கோட்பாடு வேண்டுமே என்று தொல்காப்பியப் பொருளதிகாரத்திலிருந்து காதல் திணை, உணர்ச்சி, உவமை பற்றிப் பேசும் அகத்திணையியல், மெய்ப்பாட்டியல், உவமவியல் மூன்றையும் மொத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். திணைக்குரிய முதல், கரு, உரி என்ற மூன்று பொருளுக்கும் அழகான அட்டவணை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடும் வரிசை மாறாமல் இருந்தன. பதினான்கு பக்கத்தில் பாட்டு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, குறுந்தொகை 131-ஐச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

போன வேலை முடிந்துவிட்டது. தலைவி இருக்கும் ஊரோ வெகு தூரத்தில். தலைவன் தன் நெஞ்சின் தவிப்பைச் சொல்கிறான்: "ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போல". மாணவிக்கு இது பிடிபடவில்லை. "ஒரு ஏர்தான் இருந்தா என்ன மிஸ்? மெதுவா உழுதா போச்சு" என்றாள். உழவைப் பார்த்தே இராத பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? மழை பெய்து மண் பதமாக இருப்பது கொஞ்ச நாள்தான், காய்ந்தால் ஏரின் கொழுமுனை மண்ணில் இறங்காது, வயல் முழுவதையும் ஒற்றை ஏரால் அதற்குள் உழுதாக வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவன் தூரத்தைப் பத்திச் சொல்லலை, நேரத்தைப் பத்திச் சொல்றான்" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் உவமவியலைத் திறந்தோம். "வினைபயன் மெய்உரு என்ற நான்கே" என்ற நூற்பா. செயல் ஒத்திருக்கலாம், விளையும் பயன் ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், நிறம் ஒத்திருக்கலாம். ஓரேர் உழவன் வினை உவமை என்று அவளே சொல்லிவிட்டாள். கையில் ஒரு கேள்வி இருக்கும்போது படித்த நூற்பா மனதில் நின்றது. வெறும் பாடமாகப் படித்தபோது நிற்கவில்லை.

செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று சொல்லும் செம்புலப் பெயல்நீரில் வந்து மாட்டிக்கொண்டோம். கலத்தல் என்று பார்த்தால் வினை. செம்மண்ணில் விழுந்த மழைநீர் சிவந்துவிடுகிறது, அப்படிப் பார்த்தால் உரு. "தண்ணி மண்ணோட நிறத்தை எடுத்துக்குது. மண்ணு தண்ணிகிட்டேருந்து எதை எடுத்துக்குது மிஸ்?" என்று கேட்டாள். எத்தனையோ முறை பாடம் நடத்திய பாட்டு இது. ஒரு தடவைகூட மண்ணின் பக்கம் நின்று யோசித்ததில்லை. நெகிழ்வை எடுத்துக்கொள்கிறது என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

அணில்தான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. குறுந்தொகை 41-இல் தலைவி சொல்வது இதுதான்: அவர் பக்கத்தில் இருந்தால் நான் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி, பிரிந்தால், மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தோடு கிடக்கும் தனி வீடு மாதிரி. உவமை அந்த வீடு. அணிலை எதற்கும் ஒப்பிடவில்லை, அது முற்றத்துக்கு வந்த அடைமொழி மட்டுமே. வினை, பயன், மெய், உரு நான்கிலும் அதற்கு இடமில்லை. ஆனால் புலவருக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. "அணில் சந்தோஷமாத்தான் விளையாடுது மிஸ், அதனாலதான் கஷ்டமா இருக்கு" என்றாள். அதை அப்படியே ப்ராஜெக்டில் எழுதச் சொன்னேன்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதை வைத்து 1929-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதைச் சொன்னதும் அவளுக்கு ஒரு யோசனை. ஐந்து பாட்டையும் உரையோடு தனித்தனித் தாளில் எழுதி, பெயரை விட்டுவிட்டு, வகுப்பில் கொடுத்தாள்: "இவருக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?" கல்லில் மோதி மெல்ல மெல்ல இல்லாமல் போகும் நுரையை யாரும் தவறவிடவில்லை. 41-க்கு மட்டும் ஒருவன் "திருவிழா ஊரார்" என்று எழுதியிருந்தான். அதுவும் பாட்டில் உள்ள உவமைதான். பழைய காலத்தில் பெயர் வைத்தவர்கள் அதை விட்டுவிட்டு, ஆளில்லாத முற்றத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, அந்த வாழ்க்கைக் குறிப்புப் பக்கம். ஓரேருழவனார் உழவர் குடியில் பிறந்தவர் என்று எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தாள். ஆதாரம் எது என்று தேடிப் பார்த்தால், அந்தப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒன்று கிடைத்தது: புறநானூறு 193-ஆம் பாட்டும் ஓரேருழவர் பெயரில்தான் இருக்கிறது. அதில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை. வெண்மையான களர் நிலத்தில் துரத்தப்பட்டு ஓடும் மான்தான் வருகிறது. ஒரு பாட்டில் பிறந்த பெயர் இன்னொரு பாட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பில் அதை எழுதினாள். மற்றவர்களுக்கு, பாட்டில் யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலையில் என்று எழுதினாள். "இவர் இதை நேரில் பார்த்திருக்கிறார்" என்று முடித்திருந்ததை மட்டும் "அறிந்திருக்கிறார்" என்று மாற்றச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் மாற்றினாள்.

இப்போது பாக்கி இருப்பது நற்றிணை 284. திரும்பிப் போ என்கிறது நெஞ்சு, வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான் தலைவன். அறுவது வினை என்கிறேன் நான். இளைத்துப்போன உடம்பு கயிறு மாதிரிதானே இருக்கும், அது மெய் என்கிறாள் அவள். எந்தப் பாட்டு எந்த வகை உவமை என்று போட்ட அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை உரையை இன்னொரு முறை படித்துவிட்டு உட்காருவதாக இருக்கிறோம்.