‘கார்பி’ என்று தொடங்கிய துண்டு: வைத்தியசாலை மருந்தகப் பயிற்சிக்கு நேர்முகம் போகிறவர்களுக்கு

என்னுடைய முதல் நேர்முகப் பரீட்சையில் கேட்டது மொத்தம் நான்கு கேள்விகள். மூன்றாவதிலேயே முடிவு தெரிந்துவிட்டது. நான்காவது, வீட்டில் எத்தனை பேர் என்பது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா ஒரு மருந்துத் துண்டை என் பக்கமாகத் தள்ளி, “பிள்ளை, இதை வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். வைத்தியர் கையெழுத்து எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ‘கார்பி’ மாதிரி ஏதோ தொடங்கி, பிறகு ஒரு நெளிவு. பக்கத்தில் 10 மி.கி., மேனே (காலையில்). நான் யோசிக்கவே இல்லை. “கார்பமசெப்பின், வலிப்புக்குக் கொடுக்கிறது, காலையில் ஒன்று” என்று கணீரென்று சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பத்தின் மேல் விரலை வைத்தார். “இது பத்து மில்லிகிராமில வருதோ?”

வராது. கார்பமசெப்பின் குளிசை நூறு, இருநூறு, நானூறு என்றுதான் வரும். பத்து என்றால் அது கார்பிமசோல், தைரொயிட்டுக்குக் கொடுப்பது. துண்டின் மேல்மூலையில் எந்தக் கிளினிக் என்று முத்திரையே குத்தியிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

இரண்டு மருந்தையும் நான் பாடமாக்கி வைத்திருந்தேன். எதற்கு, எவ்வளவு, பக்கவிளைவு என்ன, எல்லாம் தெரியும். ஆனால் வாசிக்க முடியாத ஒன்றை ஊகித்து, ஊகத்தை உறுதியான குரலில் சொன்னேன். அந்தக் குரல்தான் அவர்களைப் பயப்படுத்தியிருக்கும் என்று இப்போது விளங்குகிறது. பயிலுநராக வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் இந்தப் பிள்ளையின் கை நிற்குமா, கொடுத்துவிடுமா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு இடத்தில் கிடைத்தது. இடையில் செய்தவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுன்னாகத்தில் சொந்தக்காரர் ஒருவரின் பாமசியில் இரண்டு கிழமை சும்மா இருந்தேன். மருந்து கொடுக்க விடவில்லை, அது சரிதான். துண்டு வாசிப்பது, குளிசை எண்ணிக் கவரில் போடுவதைப் பார்ப்பது, சனம் பேசுவதைக் கேட்பது, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் மருந்தின் பெயர் சொல்ல மாட்டார்கள். “பிரஷர் குளிசை”, “சீனிக் குளிசை”, “அந்த வெள்ளைச் சின்னன்” என்பார்கள். ஒரு ஐயா மாப்பேணி ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் கவிழ்த்தார். நாலைந்து கிளினிக்கின் குளிசைகள் கவரில்லாமல் கலந்து கிடந்தன. “இதில எது இராவைக்கு?” என்றார். கடைக்காரர் ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை. கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு அது பெரிய அலைக்கழிப்பாகத் தெரிந்தது. ஒரே மாதிரி வெள்ளை வட்டமாக எத்தனை மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அவர் செய்ததைவிட வேறு வழி இல்லை என்று பட்டது.

இந்தப் பேச்சுமொழியைக் குறைத்து எடை போடாதீர்கள். நேர்முகத்தில் “இந்த மருந்தைப் பற்றி நோயாளிக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்” என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும். இங்கிலிசில் படித்ததைத் தமிழில் சொல்லப் போனால் நாக்கு கட்டிக்கொள்ளும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், அதற்காக நூல்களையும் தமிழாக்கினார். அந்த ஊர்க்காரராகிய நாங்கள், கார்பிமசோல் எடுப்பவரிடம் “தொண்டை நோ, காய்ச்சல் வந்தால் பேசாமல் இருக்கக் கூடாது, உடனே வந்து இரத்தம் சோதிக்க வேணும்” என்று ஒரு வசனம் சொல்லத் திணறினால் நன்றாகவா இருக்கும்? நான் அம்மம்மாவை நோயாளியாக உட்கார வைத்துப் பழகினேன். அவவுக்கு விளங்காவிட்டால் யாருக்கும் விளங்காது.

கணக்கு கேட்பார்கள். கடினமாக இருக்காது, ஆனால் கால்குலேற்றர் தர மாட்டார்கள். எனக்கு வந்தது: பன்னிரண்டு கிலோ பிள்ளை, பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி., பாணி 5 மில்லிலீற்றரில் 120 மி.கி. எவ்வளவு கொடுப்பீர்கள்? 12ஐ 15ஆல் பெருக்க 180. அது ஏழரை மில்லிலீற்றர். இத்துடன் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தாய் வீட்டுக்குப் போய் எதால் அளப்பா? எங்கள் குசினியில் உள்ள தேக்கரண்டிகள் ஒன்று போல ஒன்று இருக்காது. ஊசியில்லாத சிறிஞ்சையோ அளவு மூடியையோ கையில் கொடுத்து, கோட்டைக் காட்டி, ஒருநாளில் எத்தனை தரம், இடையில் எத்தனை மணிநேரம் என்று சொல்ல வேண்டும். பனடோல் என்ற பெயரில் வேறு ஏதும் வீட்டில் கொடுக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரட்டிப்பாகப் போகிற வீடுகள் உண்டு.

இன்சுலின் இல்லாமல் நேர்முகம் முடியாது. குப்பி ஒன்றில் பத்து மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்கு நூறு அலகு, ஆகவே ஆயிரம் அலகு. காலை இருபது, இரவு பன்னிரண்டு போடுபவருக்கு எத்தனை நாளைக்கு வரும் என்பார்கள். முப்பத்தொரு நாள். சரி, அடுத்த கிளினிக் ஆறு கிழமைக்குப் பிறகு என்றால்? இரண்டு குப்பி. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். என்னிடம் அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது: “இவர் நெடுந்தீவு. எப்படிக் கொண்டுபோவார்?”

எனக்கு நெடுந்தீவில் உறவினர் இருந்தது அதிர்ஷ்டம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ், அங்கே வெயிலில் காத்திருப்பு, பிறகு வள்ளம். 2 முதல் 8 பாகை செல்சியஸ் என்று புத்தகத்தில் படித்தது அந்த வழியில் என்னாகும்? ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைக்கலாம், ஆனால் குப்பி ஐஸில் முட்டக் கூடாது. துணியால் சுற்ற வேண்டும். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் குப்பைக்குத்தான். வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் மண்முட்டிக்குள் ஈரமணல் போட்டு, குப்பியைப் பொலித்தீனில் கட்டி, நிழலில் வைக்கலாம். பிரிட்ஜ் இருந்தாலும் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். திறந்த திகதியைக் குப்பியில் எழுதச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல ஓரத்தில் இருந்தவர் தலையாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் போனபோது இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் இருந்தது. அதனால்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கே உரிய கேள்விகள் வேறும் உண்டு. சீனி வருத்தத்துக்குக் கிளிக்கிளசைட் எடுக்கிற ஒரு அம்மா கந்தசஷ்டி விரதம் இருக்கப் போகிறேன் என்கிறார், ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும், பாறணைக்குப் பிறகுதான் சோறு. என்ன சொல்வீர்கள்? “விரதம் வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள், அவ கேட்கவும் மாட்டா, அடுத்த முறை உங்களிடம் சொல்லவும் மாட்டா. சாப்பாடு இல்லாமல் அந்தக் குளிசை போட்டால் சீனி இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் விரதம் என்று பார்க்காமல் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பது நம் வேலை இல்லை, விரதம் தொடங்க முதலே கிளினிக் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவரும் முருங்கையிலைச் சுண்டலும் இதே மாதிரித்தான். “கீரை சாப்பிடவே கூடாது” என்பது தவறான பதில். ஒரு கிழமை மூன்று நேரமும், அடுத்த கிழமை துளியும் இல்லை என்று ஏற்றி இறக்காமல், வழமையான அளவில் சாப்பிடச் சொல்வதே சரி.

மருந்து கைவசம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். இதற்கு மூன்று படி உண்டு. வர்த்தகப் பெயர் வேறு, மருந்து அதே என்றால் பயமில்லை. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கிய காலத்திலிருந்து பொதுப்பெயரில் மருந்து எழுதுவது எங்கள் நாட்டில் பேசப்படுகிற விடயம், ஆகவே பொதுப்பெயரில்தான் படியுங்கள். அடுத்தது, மருந்து அதே, அளவு வேறு. லொசார்டன் ஐம்பது இல்லை, இருபத்தைந்து இருக்கிறது என்றால் இரண்டாகக் கொடுக்கலாம், ஆனால் கவரில் பெரிதாக ‘2’ என்று எழுதி வாயாலும் சொல்ல வேண்டும். ஒன்று போட்டுப் பழகிய கை ஒன்றைத்தான் எடுக்கும். மூன்றாவது, லொசார்டனே இல்லை, வேறு பிரஷர் குளிசை இருக்கிறது என்றால் நீங்கள் மாற்றக் கூடாது. வைத்தியரிடம் போக வேண்டும். இந்த எல்லையை எங்கே போடுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

“ஏன் வைத்தியசாலை, கடையில் வேலை செய்யலாமே?” என்பதற்கு நான் முதல்முறை “சேவை மனப்பான்மை” என்றேன். கேட்டவர் யன்னலைப் பார்த்தார். இரண்டாம் முறை, விடுதியில் ஒருவரின் பீஎச்ரியில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளிக் குறிப்பில், இருக்கும் எல்லா மருந்தையும் ஒன்றாகப் பார்க்கலாம், கடைக்கு ஒரு துண்டு மட்டுந்தான் வரும், அந்த முழுப்படத்தைப் படிக்க ஆசை என்றேன். உண்மையும் அதுதான்.

சான்றிதழ்களின் மூலப்பிரதியும் நிழற்பிரதியும், அடையாள அட்டை, எல்லாம் முதல் நாளே ஒரு கோப்பில் போட்டு விடுங்கள். பருத்தித்துறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு பஸ் முந்தியே ஏறுங்கள். கொஞ்சம் சிங்களமும் வேண்டும். ‘கேமட்ட கலின்’, ‘கேமட்ட பஸ்ஸே’, சாப்பாட்டுக்கு முன், பின். இது இரண்டும் தெரிந்தாலே பாதி வேலை நடக்கும்.

இரண்டாவது நேர்முகத்தின் கடைசிக் கேள்விக்கு எனக்கு முழுப் பதில் தெரியாது. ஒரு குளிசைப் பட்டையைத் தந்து, “மூக்கால் குழாய் போட்ட நோயாளி. இதை இடிச்சுக் குடுக்கலாமோ?” என்றார்கள். பட்டையைத் திருப்பினேன். பெயரின் கடைசியில் எஸ்ஆர் என்று இருந்தது. “இது மெதுவாகக் கரைகிற குளிசை, இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும், ஆகவே இடிக்கக் கொடுக்க மாட்டேன். பதிலுக்கு என்ன கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பிஎன்எப் மருந்துக் கையேட்டில் பார்ப்பேன், பெரிய மருந்தாளரிடம் கேட்பேன், அதுவரை விடுதிக்கு போன் பண்ணி இதை வைக்கச் சொல்வேன்” என்றேன்.

“கேட்கிற நேரம் அவர் பிஸியா இருந்தால்?”

“நிற்பேன்.”

மூன்று பேரும் எழுதத் தொடங்கினார்கள். இருபது நாளில் கடிதம் வந்தது. கடிதம் வந்தவர்கள் முதல் வேலையாக நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள். ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) யன்னலில் காலை முழுக்க நிற்க வேண்டும், அதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.